மருந்தை எதிர்க்கும் உடல்

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபா நகரில் வாழ்ந்த முஸ்லிம் மருத்துவர் அல்-ஸஹ்ராவி, காயம்பட்டால் இரத்தம் நிற்காமல் இறந்துபோகும் ஒரு கிராமத்து ஆண்களைப் பற்றித் தமது 'அல்-தஸ்ரீஃப்' நூலில் எழுதினார். இன்று நாம் ஹீமோபிலியா எனக் கூறும் பரம்பரை நோயை ஒத்த பழைய பதிவு இது.

குருதி உறைவதற்குப் பல காரணிகள் தேவை. எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா 'ஏ', ஒன்பதாம் காரணி குறைந்தால் 'பி'. இவற்றுக்குரிய பரம்பரையலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. எனவே நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். தாய் அதன் காவியாக இருக்கலாம்.

குறைந்த காரணியை ஊசி மூலம் ஏற்றுவதே சிகிச்சை. ஆனால் கடுமையான 'ஏ' வகை நோயாளரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு ஒரு சிக்கல் தோன்றுகிறது. பிறந்தது முதல் அக்காரணியைக் கண்டிராத உடல், அதனை அந்நியப் பொருளெனக் கருதிப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. இவையே 'இன்ஹிபிட்டர்' எனப்படுகின்றன. இவற்றின் அளவு பெதஸ்டா அலகில் கூறப்படும். இவை உருவானபின் வழமையான ஊசி பலன் தராது. இரத்தப்போக்கை நிறுத்த வேறு மருந்துகள் தேவைப்படும்.

அப்படியாயின் அந்தக் காரணியைக் கைவிடுவதா? 1970களில் ஜெர்மனியின் பொன் நகரில் மருத்துவர் பிராக்மன் குழுவினர் எதிர்மாறான வழியைக் கண்டனர். உடல் எதிர்க்கும் அதே காரணியைப் பெருமளவில், நாளுக்கு இரு தடவை, நீண்டகாலம் ஏற்றினர். இடைவிடாது சந்திக்கும் பொருளை நிர்ப்பீடனத் தொகுதி மெல்ல மெல்ல ஏற்கப் பழகியது. இதுவே நிர்ப்பீடனச் சகிப்புச் சிகிச்சை. 2012இல் வெளியான சர்வதேச ஆய்வொன்று, பெரிய அளவு மருந்தும் சிறிய அளவு மருந்தும் ஏறக்குறைய ஒரே வெற்றியைத் தந்ததாகவும், சிறிய அளவு பெற்றோரில் இரத்தப்போக்கு அதிகம் ஏற்பட்டதாகவும் காட்டியது.

இச்சிகிச்சை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீளும். மருந்தின் விலையும் மிக அதிகம். நடுவில் நிறுத்தினால் அதுவரை கிடைத்த பயன் வீணாகலாம். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப் என்ற தோலடி ஊசி, இன்ஹிபிட்டர் உள்ளோரின் இரத்தப்போக்கைத் தடுக்கிறது. எனினும் அது எட்டாம் காரணி அல்ல.

பெற்றோரே, பரம்பரையில் இந்நோய் இருப்பின் ஆண் குழந்தைக்குக் கத்னா செய்யுமுன் வைத்தியரிடம் கூறுங்கள். குடும்பத்தில் எவருக்கும் இல்லாமலும் இது புதிதாகத் தோன்றலாம். எனவே தாயைக் குறை கூறுவது அறிவுமல்ல, நீதியுமல்ல. மாணவிகளே, நாளை நீங்கள் தாயாகலாம், தாதியாகலாம், வைத்தியராகலாம். வழமையான ஊசிக்கும் இரத்தம் நிற்காத பிள்ளையைக் கண்டால், இன்ஹிபிட்டர் பரிசோதனையை நினைவில் கொள்ளுங்கள்.