எண்களை ஆராயப் புகும் இளைஞருக்கு



நம் மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 தாம் என்று அறிந்ததோடு நில்லாமல், அந்த எண்ணை வகுத்துப் பார்த்து, 1, 5, 197, 985 ஆகிய நான்கைத் தவிர வேறெதுவும் அதை மீதியின்றி வகுப்பதில்லை என்று நீ எழுதியிருந்தது எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளித்தது. எண் சிறியதேயாயினும், கணித சாஸ்திரத்துக்கு இன்றியமையாத சிரத்தை அதில் இருக்கிறது. அந்தச் சிரத்தையோடு இன்னும் பெரியதோர் எண்ணை அணுகும்படி சொல்லவே இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, 1914-இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்ற ஸ்ரீநிவாச ராமானுஜன், தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் மிகுந்த எண்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் இயல்புகளை 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் விரிவாக ஆராய்ந்தார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், அத்தகைய 102 எண்களைக் கையாலேயே கணித்து அட்டவணையும் அமைத்தார். அதில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப் போயிற்று. அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

அதைப் பிரித்துப் பார். 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்குண்டு அவ்வெண் ஆகின்றது. அதன் காரணி ஒன்றை அமைக்கையில், 2-ஐ அடியோடு விடுவது முதல் ஆறு முறை எடுப்பது வரை ஏழு வழிகள் உண்டு. மற்றப் பகா எண்களுக்கும் இவ்வாறே கண்டு, 7, 5, 3, 3, 2, 2, 2, 2 ஆகியவற்றைப் பெருக்கினால், காரணிகள் 5040 என்று தெளிவாகும். பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் தடவை எங்கும் கூடவில்லை என்பதையும் கவனி. கூடியிருந்தால், அந்தத் தடவைகளை இடம் மாற்றி, அதே அளவு காரணிகளையுடைய சிறிய எண் ஒன்றை நாம் பெற்றுவிடலாமன்றோ?

அட்டவணையின் இறுதி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதை 23-ஆல் வகுத்தால் வருவது, விடுபட்டுப்போன அதே எண்தான்! இவ்வளவு சமீபத்தில் இருந்ததும் அம்மேதையின் பார்வைக்குத் தப்பியதென்றால், நாம் எத்துணை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! ஒரு வரி விடுபட்டதால் அவருடைய தேற்றங்களுக்கு யாதொரு பங்கமும் இல்லை. அவை நிரூபணத்தின் பலத்தால் நிற்பவை. அட்டவணையையோ ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். ராமானுஜனிடம் நீ கொண்டிருக்கும் பக்தி மெய்யானதாயின், அவர் செய்த கணக்கை நீயும் உன் கையால் ஒருமுறை செய்து பார்ப்பதே அதற்கு உகந்த வழி.

இப்போதே தொடங்கு. 120-க்குக் காரணிகள் 16. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் 16 காரணிகள் இல்லை என்பதை நிரூபித்து, அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.