தலையில் பட்ட அடியை மறைக்கலாமா?

இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகள் தொடங்கிவிட்டால் பாடசாலை முதலுதவி அறையில் கூட்டம் கூடிவிடும். முழங்கால் சிராய்ப்பு, கணுக்கால் சுளுக்கு, தசைப்பிடிப்பு என்று மாணவிகள் தாமாகவே வந்து காட்டுவார்கள். தலையில் அடிபட்ட மாணவி மட்டும் தானாக வருவது குறைவு. தோழிகள் யாராவது கையைப் பிடித்து அழைத்துவந்தால்தான் உண்டு. சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் நான் தொடர்ந்து கவனித்துவரும் விடயம் இது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கும். ஒன்று, "ரத்தம் வரல்ல டீச்சர், ஒண்டுமில்ல." மற்றது, "உம்மாக்குத் தெரிஞ்சா இனி விளையாட விடமாட்டா." முதலாவது பதில் அறியாமையால் வருவது, இரண்டாவது பயத்தால் வருவது. இரண்டையும் இங்கு ஆராய்வோம்.

மூளை அதிர்ச்சி என்றால் என்ன?

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் நிறையுடையது. மிக மென்மையான இவ்வுறுப்பு மண்டையோட்டினுள் மூளைய முண்ணாண் பாய்பொருளால் சூழப்பட்டு மிதக்கிறது. ஓடுகின்ற பஸ் சடுதியாக நின்றால் உள்ளே நிற்பவர்கள் முன்னே தள்ளப்படுவது போல, தலை திடீரென அசைந்து நிற்கும்போது மூளையும் உள்ளே குலுங்குகிறது. நரம்புக் கலங்கள் இழுபட்டு, அவற்றின் இரசாயனச் சமநிலை சில நாட்களுக்குக் குழம்புகிறது. இதுவே மூளை அதிர்ச்சி. தோள் மீது பலமாக மோதியும் இது ஏற்படலாம்.

இரத்தம் வரவேண்டும் என்பதில்லை. மயக்கமும் பத்தில் ஒருவருக்குக்கூட ஏற்படுவதில்லை. சீ.ரி. ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 2021 நவம்பர் 21ஆம் திகதி காலி மைதானத்தில் தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடிய மேற்கிந்தியத் தீவுகள் வீரர் ஜெரமி சொலோசானோ, திமுத் கருணாரத்ன அடித்த பந்து தலைக்கவசத்தில் பட்டு விழுந்தார். ஸ்கேனில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. இருந்தும் அவரை வைத்தியசாலையில் இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்து, மாற்று வீரரை இறக்கினார்கள். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். மூளை குலுங்குவதை முற்றாகத் தடுக்காது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பார்வை மங்கல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல், காரணமின்றி அழுதல் அல்லது எரிச்சல், பாடத்தில் கவனம் நில்லாமை ஆகியன இதன் அறிகுறிகள். சில அறிகுறிகள் மணித்தியாலங்கள் கழித்தே தலைகாட்டும். பகலில் அடிபட்டவளின் நிலை இரவில் வீட்டில்தான் தெரியவரலாம்.

ஒரு மாணவியின் மரணமும் ஒரு சட்டமும்

கனடாவின் ஒட்டாவா நகரில் 17 வயதான ரோவன் ஸ்ட்ரிங்கர் தன் பாடசாலை றக்பி அணியின் தலைவியாக இருந்தாள். 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் அவளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தலையில் அடிபட்டது. தலைவலி இருப்பதைத் தோழிகளிடம் கூறினாள். மூளை அதிர்ச்சி பற்றி இணையத்திலும் தேடினாள். பெற்றோரிடமோ பயிற்றுநரிடமோ சொல்லவில்லை. மே 8ஆம் திகதி மீண்டும் ஆடினாள், மீண்டும் அடிபட்டது. மே 12ஆம் திகதி உயிர் பிரிந்தது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், மூளை கட்டுப்பாடின்றி வீங்கும் அபாயம் உண்டு. அரிதாக நிகழ்வதே எனினும் இளவயதினரிடையே உயிரைப் பறிக்கக்கூடியது.

2015இல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளை முன்வைத்தது. 2018இல் ஒன்ராறியோ மாகாணம் 'ரோவன் சட்டம்' கொண்டுவந்தது. 26 வயதுக்குட்பட்ட விளையாட்டு வீரர்களும், 18 வயதுக்குட்பட்டோரின் பெற்றோரும் வருடந்தோறும் மூளை அதிர்ச்சி பற்றிய விளக்கத்தை வாசிக்க வேண்டும். சந்தேகம் எழுந்தாலே வீரரை மைதானத்திலிருந்து அகற்ற வேண்டும். ரொறன்ரோவில் வாழும் எம்மவர் பிள்ளைகளும் இன்று இச்சட்டத்தின் கீழேயே விளையாடுகிறார்கள்.

பதிவேடு எதற்கு?

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு முதல் உயர்தரப் பாடசாலைகளின் விளையாட்டுக் காயங்கள் முறையாகப் பதிவாகின்றன. ஒரே மாதிரியான விதிகளுடன் ஆடும் காற்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றில் ஆண்களைவிடப் பெண்களுக்கு மூளை அதிர்ச்சி வீதம் அதிகம் என்பது இத்தகைய பதிவுகளால் தெரியவந்தது.

எமக்கு ஒரு கொப்பி போதும். திகதி, தரம், விளையாட்டு, எப்படி அடிபட்டது, என்ன அறிகுறி, வீட்டுக்கு அறிவித்தது யார், எப்போது திரும்ப விளையாடினாள் ஆகிய ஏழு நிரல்களை வரைந்தால் சரி. பின்னர் சிறு கணக்குப் போடலாம். உதாரணத்துக்கு, வலைப்பந்தாட்டத்தில் 20 மாணவிகள் 30 நாள் பயிற்சி செய்தால் 600 பங்கேற்புகள். அதில் 3 பேருக்குத் தலையில் அடிபட்டால், ஆயிரம் பங்கேற்புகளுக்கு 5. எல்லே விளையாட்டில் 25 மாணவிகள் 8 நாள் ஆடினால் 200 பங்கேற்புகள். 2 பேருக்கு அடிபட்டால், ஆயிரத்துக்கு 10. எண்ணிக்கையில் வலைப்பந்தாட்டம் கூட. ஆபத்தில் எல்லே இருமடங்கு. எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பதை இக்கணக்குத்தான் காட்டும்.

எமது மைதானங்களில்

வன்னியில் மாரி முடிந்ததும் மைதானத் தரை காய்ந்து கல்லாக இறுகிவிடும். விழுந்தால் தாங்காது. பயிற்சிக்கு முன் கற்களைப் பொறுக்குவதும் குழிகளை மண்ணிட்டு நிரப்புவதும் செலவில்லாத பாதுகாப்பு. வலைப்பந்துக் கம்பத்தைச் சுற்றிப் பழைய மெத்தைத் துண்டைக் கட்டலாம். எல்லேயில் துடுப்புக் கம்பு கைநழுவிப் பறக்கும். அடிப்பவரின் பின்னால் எவரையும் நிற்க விடக்கூடாது. பந்தைப் பிடிக்க இருவர் ஓடினால் ஒருவர் "எனக்கு" என்று உரத்துக் கூவப் பழக வேண்டும். தட்டெறிதல், குண்டு போடுதல், ஈட்டி எறிதல் நடக்கும் எல்லைக்குள் எவரும் குறுக்கே போகக் கூடாது.

ஹிஜாப் அணிந்து விளையாடுவதில் தடையில்லை. சர்வதேச காற்பந்து விதிகளை வகுக்கும் சபையும் 2014 மார்ச்சில் அதற்கு அனுமதியளித்தது. ஆனால் ஊசி குத்தக் கூடாது. இழுபடும் இறுக்கத் துணியே நல்லது. இன்னொன்று, ஸ்கார்பின் உள்ளே வீக்கமோ காயமோ இருந்தால் வெளியே தெரியாது. கதவடைத்த அறையில் ஆசிரியை ஒருவர் அதை அகற்றித் தலையைப் பார்க்க வேண்டும். கழுத்து வலித்தால் இழுத்துக் கழற்றாமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். நோன்பு காலத்தில் அடிபட்ட ஒருத்திக்குத் தலைவலி வந்தால் அதை நோன்புக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். நோயாளிக்கு நோன்பைப் பின்னர் கழாச் செய்யும் சலுகை உண்டு.

அடிபட்டால் செய்ய வேண்டியவை

சந்தேகம் என்றாலே அன்றைய விளையாட்டு முடிந்தது. "இப்ப சரியாயிற்று" என்றாலும் திரும்ப இறக்கக் கூடாது. தனியே விடவும் கூடாது. வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மயக்கம், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம், கழுத்து வலி, காது மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். 2018 முதல் வட மாகாணத்திலும் இச்சேவை உண்டு. வரும்வரை கழுத்தை அசைக்காதீர்கள். முச்சக்கரவண்டியில் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு. கைத்தொலைபேசி பார்ப்பதைக் குறைக்க வேண்டும். வைத்தியர் பார்த்து ஆபத்தில்லை என்றபின் தூங்க விடலாம். பின்னர் நடை, மெல்லோட்டம், மோதலில்லாத பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் ஒரு படி பின்வாங்க வேண்டும். முழுமையாகப் பாடங்களுக்குத் திரும்பியபின், வைத்தியர் அனுமதித்தாலே போட்டி.

பெற்றோருக்கு

"இனி விளையாட்டே வேண்டாம்" என்று நீங்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை வாய்திறக்க மாட்டாள். அவளைப் பார்த்து அவளுடைய தோழிகளும் வாய்திறக்க மாட்டார்கள். ஆகவே, "சொன்னது நல்லது, சுகமானதும் விளையாடு" என்று சொல்லுங்கள். ரோவனின் கதையில் இல்லாமற் போனது மருந்தல்ல, வீட்டில் சொல்லப்படாத ஒரு வார்த்தை.

மாணவிகளே, உடல் எமக்குத் தரப்பட்ட அமானிதம். தோழிக்கு அடிபட்டதைக் கண்டால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது. அந்தக் கொப்பி முதலுதவி அறை மேசையில் எப்போதும் திறந்தே இருக்கும்.