நைட் ஷிப்டை மாற்றிக் கேட்பது எப்படி?

மனநல சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவருக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தருவார். வீட்டில் "தைரியமா இரு கண்ணு" என்பார்கள். தூக்கத்தைக் கொண்டுவரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பது எப்படி என்று கேட்டால் இரண்டு பக்கமும் பதில் இருக்காது. அதே மாத்திரையோடு அதே ஷிப்டைப் பார்த்தவரிடம் இருக்கும். அவர்தான் சக வழிகாட்டி.

கோவை, திருப்பூர் பக்கம் இது புதுச் சரக்கு அல்ல. குடியை விட்டவர் விடத் தவிப்பவரோடு உட்கார்ந்து பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களை இங்கே பலரும் அறிவார்கள். 1935-ல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிய இருவரும் குடிநோயாளிகள்தாம்; அவர்களில் ஒருவர் டாக்டர். மனநோயில் இந்த முறை அதைவிடப் பழையது: 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் குணமான நோயாளிகளையே பணியாளர்களாக வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் 2014-ல் குஜராத்தின் ஆறு அரசு மனநல மையங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் ஒன்று தொடங்கியபோது, நோயை அனுபவித்தவர்களே தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்றார்கள். சென்னையில் 1993-ல் தொடங்கிய பானியன் அமைப்பிலும் குணமானவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நன்றாகப் பேசுகிறவரை அல்ல. குறைந்தது ஓராண்டாவது நிலையாக இருப்பவர், வேலையில் இருப்பவர், உங்கள் சூப்பர்வைசருக்கோ சொந்தபந்தத்துக்கோ நெருக்கம் இல்லாதவர். கொங்கு நாட்டில் கடைசி விஷயம் முக்கியம். பேச்சு கசிந்தால் வேலையோடு நிற்காது, வீட்டுக் கல்யாணப் பேச்சு வரை போகும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், சிகிச்சை பெறும் மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். சம்மதிக்கக்கூடிய பழைய நோயாளிகளை அவர் அறிந்திருப்பார்.

முதல் சந்திப்பை டீக்கடையில் வைக்காதீர்கள். பேக்கரி பெஞ்சில் காது அதிகம். நடந்துகொண்டே பேசலாம்.

கேட்க வேண்டியவை நடைமுறைக் கேள்விகள். "நீங்க லீவு எப்படிங்க்ணா கேட்டீங்க?" "மாத்திரையை எத்தனை மணிக்குப் போடறீங்க?" நேரத்தையோ அளவையோ மாற்றுவது டாக்டரின் வேலை, ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை வழிகாட்டி சொல்லித் தரலாம். உதாரணம், கோவை கணபதிப் பக்கம் பவுண்டரியில் வேலை பார்ப்பவர் லித்தியம் மாத்திரை எடுத்தால், உலைச் சூட்டில் வியர்த்து உடலில் நீர் வற்றும்போது ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனை. உலைக்குப் பக்கத்தில் வேலை என்பதை டாக்டரிடம் சொல்லாமலே மருந்து வாங்கி வருகிறவர்கள் உண்டு.

சூப்பர்வைசரிடம் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்றில்லை. "இரவுப் பணி தவிர்க்கவும்" என்று டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் அது போதும். எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. வழிகாட்டி தன் கதையைச் சொல்லலாம், உங்களுக்காக முடிவெடுக்கக் கூடாது.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ விஷயத்தில்தான் அனுபவஸ்தர் பெரிய உதவி. சாதாரண நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்றவை நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் சந்தா நாள் கணக்கும் சரியாக இருந்தால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரைகூட நீளலாம். இது தெரியாமல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் சோமனூர் தறிக்காரருக்கும் பல இடங்களில் இஎஸ்ஐ கிடையாது. இதை மழுப்பிப் பயனில்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே சாதகம், வேலையை அளந்து வாங்க முடிவது: ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், முதல் மாதம் அரை ஷிப்ட் என்று பேசித் தொடங்கலாம். பேசப் போகும்போது வழிகாட்டி கூடப் போனால் இன்னும் நல்லது.

வழிகாட்டுகிறவர்களுக்கு: அட்வைஸ் வேண்டாம், "நானெல்லாம் எப்படி இருந்தேன் தெரியுமா" என்ற பிரசங்கமும் வேண்டாம். கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். மாத்திரையை நிறுத்து என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ரகசியம் காப்பதாகச் சொல்லும் முதல் நாளே ஒரு விலக்கையும் சொல்லிவிடுங்கள்: உயிரை விடுவதாகப் பேச்சு வந்தால் வீட்டாருக்கோ டாக்டருக்கோ சொல்வேன் என்று. அந்த நேரத்தில் தனியாக விடாமல் கூடவே இருந்து 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டால் சந்திப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

முதலாளிகளும் ஹெச்ஆரும் செய்யக்கூடியது கொஞ்சம்தான். விரும்புகிற ஊழியருக்கு வாரம் ஒரு மணி நேரச் சந்திப்பை வேலை நேரமாகவே கணக்கு வையுங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.