ஏழு குற்றொலி, ஒரு நெட்டொலி

நுழையும்முன்

கடற்பயணத்திற்குத் துணிவே முதன்மையானது என்று எண்ணுகிறோம். துணிவுக்கும் முன்னதாக வேண்டப்படுவது பழக்கம் என்பதைப் பயிற்சிக் கப்பலின் வாழ்க்கை உணர்த்துகிறது.

மிதக்கும் பள்ளி

முன்பு படைவீரர்களை ஏற்றிச் சென்ற 'டஃப்ரின்' என்னும் கப்பல், 1927ஆம் ஆண்டு பம்பாயில் பயிற்சிக் கப்பலாயிற்று. வணிகக் கப்பல்களில் அதிகாரிகளாக விரும்பிய இந்திய இளைஞர்கள் அதிலேயே தங்கிப் பயின்றனர். 1972இல் 'ராஜேந்திரா' அதன் இடத்தைப் பெற்றது. 1993 முதல் அப்பயிற்சி நவி மும்பைக் கரையிலுள்ள 'சாணக்கியா'வில் தொடர்கிறது. கரையில் கற்ற மாணவர்கள் பின்னர்ச் சரக்குக் கப்பல்களில் ஏறிக் கடற்பயிற்சி பெறுகின்றனர்.

ஒரு நாள்

கப்பலில் இரவும் பகலும் பணி ஓய்வதில்லை. நாள் முழுவதும் நான்கு மணி நேரக் காவற்பணிகளாகப் பகுக்கப்படும். ஒருமுறை காவல் நின்றவர் எட்டு மணி நேரம் கழித்து மீண்டும் நிற்பார். தளத்தைக் கழுவுதல், துருவைச் சுரண்டி வண்ணம் பூசுதல், கயிற்றில் முடிச்சிடுதல் ஆகியவை பயிற்சி மாணவரின் தொடக்கப் பாடங்கள். இருளிலும் தவறாமல் முடிச்சிடக் கைகள் பழக வேண்டும்.

ஒலிக்கும் எச்சரிக்கை

ஏழோ அதற்கு மேலோ குற்றொலிகளும் அவற்றையடுத்து ஒரு நெட்டொலியும் எழுந்தால், அது பொது அபாய அறிவிப்பு. உடனே உயிர்காப்பு மேலங்கியை அணிந்து, தமக்குரிய கூடுமிடத்தை ஒவ்வொருவரும் அடைய வேண்டும். கப்பலைக் கைவிடும் ஒத்திகையிலும் தீயணைப்பு ஒத்திகையிலும் கப்பற்பணியாளர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் பங்கேற்பது பன்னாட்டு விதி.

இவ்விதிகளுக்குப் பின்னே பெருந்துயரம் உண்டு. 1912இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது 1500 பேருக்கு மேல் மாண்டனர். படகுகள் போதவில்லை, இருந்த படகுகளிலும் பல நிரம்பாமலே இறக்கப்பட்டன. அதன் விளைவாக 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்பிற்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று.

கடினமான பாடம்

மூடிய தொட்டிக்குள் தோழன் மயங்கிக் கிடக்கிறான். பார்த்தவன் என்ன செய்ய வேண்டும்? உடனே உள்ளே குதிக்கவே மனம் தூண்டும். ஆனால், இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைந்துவிடும். அக்குறைவைக் கண்ணோ மூக்கோ அறியாது. காப்பாற்றச் சென்றவரும் அவ்விடத்திலேயே மாண்ட நிகழ்வுகள் பல. எனவே, முதலில் அபாய ஒலி எழுப்பவும், மூச்சுக் கருவி அணிந்த குழுவினர் வரும்வரை வாயிலிலேயே நிற்கவும் மாணவன் பயிற்றுவிக்கப்படுகிறான். அவ்வாறு நிற்பது அன்பின்மை அன்று. இருவரில் ஒருவரையேனும் காக்கும் அறிவு.

அச்சம் மேலிடும் வேளையில் சிந்தனை தடுமாறும். அப்போது துணைநிற்பது, அமைதியான நாள்களில் சலிப்பின்றிச் செய்த ஒத்திகையே.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியில் தீவிபத்து நேர்ந்தால் எங்குக் கூடுவது, யார் எப்பணியைச் செய்வது என வகுப்பில் கலந்துரையாடி, ஓர் ஒத்திகைத் திட்டம் எழுதுக.