அம்மாவுக்காக ஓடப்போகும் மருமகளுக்கு

முந்தல்,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மாவின் நினைவாகக் கொழும்பு மரதனில் ஓடப்போகிறேன், சேரும் காசை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் நோயாளிகளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் அதிகம் கதைக்கவில்லை. உன் அம்மா எனக்கு அக்கா. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கியவன் என்ற முறையிலும், உன் மாமன் என்ற முறையிலும் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

ஊரில் சிலர், "பொம்பிளைப் பிள்ளை றோட்டில் ஓடினால் செத்தவளுக்கு என்ன வரப்போகுது" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நமக்கு இது புதிய வழக்கமில்லை. உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு இறங்குகிறவர்களும், கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் போகிறவர்களும், தங்களுக்கு வேண்டிய ஒருவருக்காக உடம்பை வருத்துகிறவர்கள்தான். ஒரு வித்தியாசம் உண்டு. நேர்த்தி வைக்கிறவர் உயிரைக் கேட்டு வைக்கிறார். உனக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே உன் ஓட்டத்தின் பலன் முகம் தெரியாத யாரோ ஒருவருக்குத்தான் போய்ச்சேர வேண்டும். அந்த எண்ணம் உனக்கு வந்ததை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

இந்த நாட்டிலேயே அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2011 ஜூலையில் சரிந்த உனம்புவே என்பவரும் நேதன் சிவகணநாதன் என்பவரும் முன்னின்று, தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்தார்கள். 'ட்ரெயில்' என்று பெயர். 27 நாள் எடுத்தது. ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர்; போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நடையில் சேர்ந்த காசுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016இல் அதே தூரத்தைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி 28 நாளில் நடந்தார்கள். அந்தக் காசு காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்கு. அந்த முறை நடந்தவர்களில் மஹேல ஜயவர்தனவும் இருந்தார். அவருடைய தம்பி திஷால் 16 வயதில் மூளைப் புற்றுநோயால் இறந்தவர். நடையில் இறங்கியபோது மஹேலவுக்குக் கிட்டத்தட்ட நாற்பது வயது. தம்பி போய் இருபது வருடத்துக்கு மேல். அந்த நினைவு இருபது வருடம் பொறுத்திருந்து இப்படி ஒரு வேலை செய்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் தெரியுமா? நீ அவசரப்படுகிறாய். முதல் நாளே காலிமுகத்திடலில் சத்தி வரும் வரை ஓடினேன் என்றாய். "வலிக்கட்டும் மாமா, அம்மா பட்டதில் கொஞ்சமாவது எனக்கும் வரட்டும்" என்றாய். அந்தப் பேச்சுத்தான் என்னை இரவில் தூங்கவிடவில்லை.

பிள்ளை, அம்மா பட்டதை நீ வாங்கிக்கொள்ள முடியாது. மகரகமவில் மருந்து ஏற்றிவிட்டு வரும்போது சிலாபம் தாண்டினால் அவளுக்குக் குமட்டல் தொடங்கிவிடும். பொலித்தீன் பையைக் கைக்குள் சுருட்டி வைத்திருப்பாள். பத்துளு ஓயாப் பாலம் வந்ததும் போத்தல் தண்ணீரில் முகத்தைத் துடைத்து, தலையைக் கட்டிக்கொண்டு, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்காருவாள். சந்தியில் நீ காத்திருப்பாய் என்று. அவ்வளவு பாடுபட்டு உன் கண்ணிலிருந்து மறைத்த வலியை நீ தேடிப்போய் எடுத்துக்கொள்வதை அவள் விரும்புவாளா? அவளுக்காக ஓடு. உன்னைத் தண்டிக்க ஓடாதே.

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதைச் சின்ன வயதில் மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அம்பாப் பாட்டுக்கு ஏற்றபடி எல்லோரும் ஒரே சீராக அடியெடுத்துப் பின்னால் போவார்கள். வெட்டி இழுக்கிறவனுக்கு உள்ளங்கைத் தோல்தான் போகும், வலை ஒரு முழமும் கூட வராது. நீண்ட ஓட்டமும் அப்படித்தான். பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சு வாங்காமல் முழு வசனம் கதைக்க முடிகிற வேகம்தான் உன் பயிற்சி வேகம். முடியவில்லையா, நட. நடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மனைவியும் மகனும் போன பிறகு லண்டனுக்கு வந்து, எண்பது வயதுக்கு மேல் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்ட ஃபௌஜா சிங்கைக் கேள்விப்பட்டிருப்பாய். 2000ஆம் ஆண்டு லண்டன் மரதனை 89 வயதில் அவர் முடிக்க 6 மணி 54 நிமிடம் எடுத்தது. அந்த மனுஷன் குறைமாதக் குழந்தைகளுக்கான தொண்டுக்காக ஓடினார். அவர் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று எந்தக் குழந்தையின் தாயும் கேட்டிருக்க மாட்டாள்.

இப்போது நீ விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வருடம் முழு மரதன் வேண்டாம். நான்கு மாதம்தான் இருக்கிறது, நீ இதுவரை ஓடிப் பழகியவள் இல்லை. 42.195 கிலோமீற்றருக்கு அது போதாது. பாதி மரதன், 21.1 கிலோமீற்றர், உன்னால் நன்றாக முடியும். முழுவதையும் அடுத்த வருடம் ஓடு. காசு தருகிறவர்கள் பாதித் தூரத்துக்குப் பாதிக் காசு தரப்போவதில்லை.

கிழமையில் நான்கு நாள் ஓடினால் போதும். மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஒரு கிழமைக்கும் அடுத்த கிழமைக்கும் மொத்தத் தூரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பிந்தித்தான் பழகும். முழங்காலும் கெண்டைக்காலும் பழுதாவது அந்த இடைவெளியில்தான். நீண்ட ஓட்டம் 16, 18 கிலோமீற்றர் வரை போனால் போதும். கடைசி இரண்டு கிழமை தூரத்தைக் குறைத்துவிடு. அந்த இரண்டு கிழமைதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். கால் சும்மா இருக்கும்போது துக்கம் வந்து பக்கத்தில் உட்காரும். அப்போது தனியே இருக்காதே, இங்கே வா. அழ வேண்டுமானால் மாமியிடம் அழு. அந்த நாட்களில் அழுவதும் பயிற்சிதான்.

வெயிலை மட்டும் லேசாக எண்ணாதே. 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயதுப் பிள்ளை உயிரிழந்ததை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் ஒரு நாள் பயிற்சியும் இல்லாமல் வெறுங்காலோடு மரதனுக்கு இறங்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். நம் பக்கம் களப்போரத்தில் நிழல் கிடையாது. இறால் பண்ணை வரம்புகளில் எட்டு மணிக்கே கண் கூசும். விடிகாலையில் தொடங்கு, ஏழு மணிக்கு முன் முடி. ஊருக்கு வரும்போது புத்தளம் வீதியில் ஓடாதே. அந்த நேரத்தில் லொறியும் தூர பஸ்ஸும் பறக்கும். களப்புப் பக்கத்து ஒழுங்கையில் ஓடு, நான் சைக்கிளில் பின்னால் வருகிறேன். நாயையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தண்ணீர் தாகத்துக்குக் குடி. பயத்தில் லீற்றர் லீற்றராகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவும் ஆபத்தாகும். ஒரு மணிக்கு மேல் ஓடும் நாளில் ஜீவனி உப்புத்தூள் கரைத்து வைத்துக்கொள். தலை சுற்றினால், வெயிலில் உடம்பு குளிர்ந்தால், பேச்சுத் தடுமாறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி நிழலுக்குப் போ, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்று. சப்பாத்தைப் பந்தயத்துக்கு முதல் நாள் புதிதாய் வாங்கிப் போடாதே. தொடையும் கக்கமும் உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு.

தொடங்குமுன் ஒரு டொக்டரைப் பார். இரத்தத்தில் ஈமோகுளோபின் எவ்வளவு என்று சோதி. நம் பெண்பிள்ளைகள் பலருக்கு அது குறைவு. இன்னொன்றும் இருக்கிறது, ஒரு மாமன் சொல்லும் விஷயமா இது என்று நினைக்காதே. இந்த நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அம்மாவுக்கு இருந்தது என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல். மாதம் ஒருமுறை மார்பை நீயே சோதித்துப் பார்த்துக்கொள். அதற்குரிய வயதானதும் பெண்களுக்கான சுவநாரி கிளினிக்குக்குத் தவறாமல் போ. அக்கா ஒரு சின்னக் கட்டியைப் பல மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். நீ ஓடி முடித்து, இந்தச் சோதனைகளைச் செய்யாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

காசு விஷயம். மகரகமவில் வைத்தியம் இலவசம். பஸ் இலவசமில்லை, துணைக்கு வருகிறவர் தங்கும் அறை, சாப்பாடு, அவர் இழக்கும் நாட்கூலி, ஒன்றும் இலவசமில்லை. கடற்றொழிலையும் தோட்டக் கூலியையும் நம்பிய வீட்டில் பல பேர் பாதியில் கிளினிக்கை விடுவது இதனால்தான். அதனால் 'புற்றுநோய்க்கு உதவி' என்று பொதுவாகக் கேட்காதே. 'புத்தளம் மாவட்டத்திலிருந்து மகரகமவுக்குப் போகும் நோயாளிகளின் பயணச் செலவு' என்று கேள். முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, எந்த வழியாகக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள். தனி வங்கிக் கணக்கு திற, இரண்டு பேர் கையெழுத்து வைத்து. உன் கூட்டாளி ஒருத்தியைச் சேர்த்துக்கொள். நூறு ரூபாய் தந்தவருக்கும் பற்றுச்சீட்டு கொடு. உதவி பெறுகிற நோயாளியைப் படம் எடுத்துப் போடாதே. மொட்டைத் தலையோடு தன் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை அக்கா சகித்திருக்க மாட்டாள்.

முடித்தால்தான் காசு என்று யாரிடமும் பந்தயம் கட்டாதே. கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் செப்டெம்பரில் பாடசாலையில் டெரி ஃபொக்ஸ் ஓட்டம் ஓடுகிறார்கள். ஒரு காலைப் புற்றுநோய்க்குக் கொடுத்த அந்தப் பையன் 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டெம்பர் 1ஆம் திகதி தண்டர் பே பக்கத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. நாட்டின் மறுகரைக்கு அவன் போய்ச் சேரவில்லை. அடுத்த வருடம் ஜூனில் இறந்தான். காசு நிற்கவில்லை, ஓட்டமும் நிற்கவில்லை. ஆகவே பதினைந்தாவது கிலோமீற்றரில் கால் முடியாது என்றால் ஓரத்துக்கு வந்துவிடு. அந்த நேரத்தில் "அம்மாவைக் கைவிட்டுவிட்டேன்" என்று ஒரு நினைப்பு வரும். அது பொய். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன், அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் உனக்கு ஞாபகம் வரட்டும்.

வருகிற சனிக்கிழமை ரயிலில் வா. சப்பாத்தையும் இரத்தப் பரிசோதனைத் துண்டையும் மறக்காமல் கொண்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கடிதத்தைச் சிங்களத்தில் எழுதிவைத்திருக்கிறேன்; இருவரும் உட்கார்ந்து ஒருமுறை பார்த்து, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டுவிடலாம். கணக்குத் திறந்ததும் முதல் காசு மாமியுடையது. எவ்வளவு என்று எனக்கே சொல்லவில்லை.

அன்புடன்,
மாமா