வைகை வெள்ளமும் கிராம சுகாதாரச் செவிலியரும்

வைகை அணை 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது முதல் மதுரைச் சமவெளியில் வெள்ள பயம் நீங்கிவிட்டதெனக் கருதுவோர் உளர். 1993-ஆம் ஆண்டு நவம்பரில் ஆறு பெருகி நகரின் கரையோரப் பகுதிகளிற் புகுந்ததை நினைத்தால், அக்கருத்துப் பொருந்தாதென விளங்கும்.

நீர் வடிந்த பின்னரே பிணி தொடங்குகிறது. ஆகவே, வெள்ளத்திற்கு முன் செய்யும் வேலையே மேலானது. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. அந்நிலையத்துச் செவிலியர் வீடுதோறும் சென்று எழுதும் பதிவேடு நம்மிடமுள்ள சிறந்த கருவியாகும்.

அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர மக்களுக்கு விடுக்கப்படுகின்றன. இவற்றைச் செவிலியர் தம் வேலைக்கும் அளவுகோலாகக் கொள்ளுதல் நலம்.

முதல் எச்சரிக்கை: பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகள், பச்சிளங் குழந்தைகள், இன்சுலின் போட்டுக்கொள்வோர், காசநோய் மருந்து உண்போர், நடக்கவியலாத முதியோர் ஆகியோரின் பெயரும் தெருவும் கொண்ட பட்டியலைத் தாளில் எழுதுக. மின்சாரம் நின்றால் கைப்பேசி உதவாது. ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திற்கு அளித்திடுக.

இரண்டாம் எச்சரிக்கை: கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ, மேட்டுப் பகுதி உறவினர் வீட்டிற்கோ அனுப்புக. நாள்தோறும் மருந்து உண்போரிடம் போதிய மருந்தைக் கொடுத்து வைக்குக. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் பிளீச்சிங் பவுடரையும் சரிபார்த்திடுக.

மூன்றாம் எச்சரிக்கை: முகாமில் பட்டியலைப் படித்து, வராதவர் யாரென ஊராட்சித் தலைவர்க்குத் தெரிவித்திடுக.

நீர் வடிந்ததும் கிணறுகளைத் தூய்மை செய்தல் வேண்டும். 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக் கணக்கு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் வேண்டும். கலங்கல் நீருக்கு மேலும் தேவைப்படும். பவுடரை வாளியிற் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிநீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருத்தல் அவசியம். பின்னர்ச் சோதிக்கையில், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். ஈரம்பட்ட பழைய பவுடர் பயனற்றது.

செவிலியர் ஒருவரே இவையனைத்தையும் செய்துவிட இயலாது. பட்டியலை ஏற்று வண்டியும் ஆளும் அளிப்பது ஊராட்சியின் கடமை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, செப்டம்பர் மாதத்தில், கரையோர ஊர்கள்தோறும் இதனை ஒருமுறை ஒத்திகை பார்ப்போமாக.