ஒரே மாதிரிப் பாறை என்றால் ஒரே வயதா?

நம்பிக்கை: இரண்டு ஊர்களில் ஒரே தோற்றமும் ஒரே வரிசையும் கொண்ட பாறை அடுக்குகள் இருந்தால், அவை ஒரே காலத்தில் படிந்தவை.

சமையல் மேடைக்குப் போடும் கருப்புக் கடப்பாக் கல்லும், கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கத்து ஷாபாத் கல்லும் தட்டுத் தட்டாகப் பிளக்கும் சுண்ணாம்புக்கற்கள். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் ஒரே காலத்தில் வைக்கத் தோன்றும். விந்தியம், கடப்பா, சத்தீஸ்கர், பீமா ஆகிய பழம்படுகைகளை இந்தியப் புவியியலாளர்களும் நெடுங்காலம் பெரும்பாலும் இப்படித்தான் பொருத்தினார்கள்: மணற்கல்லுக்கு நேரே மணற்கல், சுண்ணாம்புக்கல்லுக்கு நேரே சுண்ணாம்புக்கல். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓடும் எலும்பும் கொண்ட உயிர்கள் தோன்றும் முன்பே படிந்த அடுக்குகளில் காலம் காட்டும் புதைபடிவத்துக்கு எங்கே போவது? ஆனால் பாறையின் தோற்றம் அது படிந்த சூழலைத்தான் சொல்லும், காலத்தைச் சொல்லாது. ஆழமற்ற, கலங்கல் குறைந்த கடல் எந்த யுகத்தில் இருந்தாலும் அங்கே சுண்ணாம்புச் சேறு படியும். கடல் மெல்ல உள்நாட்டுக்குள் ஏறும்போது கரை மணலும் கூடவே நகர்கிறது. அதனால் இடையறாத ஒரே மணற்கல்லின் ஒரு முனை மறுமுனையைவிடப் பல லட்சம் ஆண்டுகள் இளையதாக இருக்கலாம்.

காலம் காட்டும் சான்று இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய குழப்பம் வரும் என்பதற்கு விந்தியத்தின் அடிப்பகுதியான செம்ரி தொகுதியே சாட்சி. 1998-ல் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஒன்று, சோர்ஹாட் மணற்கல்லில் தெரிந்த நெளிகோடுகளைச் சுமார் 110 கோடி ஆண்டுக்கு முந்தைய விலங்குத் தடங்கள் என்றது. மற்றொன்று, அதே தொகுதியின் மேலடுக்குகளில் கேம்பிரியன் காலச் சிற்றோடுகள் கிடைத்ததாகச் சொல்லி, வயதைச் சுமார் 54 கோடிக்கு இறக்கியது. நான்கே ஆண்டில் விடை வந்தது. சோன் பள்ளத்தாக்கில், பீங்கான் போல இறுகி நுண்மையாக இருக்கும் ஓர் அடுக்கு உண்டு. அது எரிமலைச் சாம்பல் படிந்து கெட்டியானது. அதிலுள்ள சிர்கான் என்னும் கனிம மணிகள் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கும். ஆகவே இன்று மணிக்குள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து பிறந்ததே. இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து 2002-ல் வெளியிட்ட வயது சுமார் 163 கோடி. சோர்ஹாட் மணற்கல்லுக்கு மேலே உள்ள இன்னொரு சாம்பல் அடுக்கு சுமார் 160 கோடி. அந்த மணற்கல் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

‘புதைபடிவம் கண்ணெதிரே இருக்கும்போது ஏன் சிர்கானை நம்ப வேண்டும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சித்திரகூடப் பகுதியில் மறுபடியும் மாதிரி எடுத்து ஆராய்ந்த குழு 2009-ல் அதற்குப் பதில் தந்தது. சிலர் சந்தேகித்ததுபோல அந்தப் படிவங்கள் பொய்யல்ல, மெய்யானவையே. ஆனால் சிற்றோடுகள் எனப்பட்ட வளையமிட்ட குழாய்கள் ஓட்டுயிர்களுடையவை அல்ல. இழை வடிவ நுண்ணுயிர்களும் பாசி போன்றவையும்தான். அவற்றைத் தாங்கிய பாஸ்பேட்டின் வயதும் சுமார் 165 கோடி என்றே வந்தது. உருவ ஒற்றுமை பாறையில் ஏமாற்றியது போலவே உயிரிலும் ஏமாற்றியிருந்தது.

சிர்கானிலும் கவனம் வேண்டும். ஆறு அடித்துவந்த மணலில் உள்ள மணி, தாய்ப்பாறையின் வயதைக் காட்டும். படிவு அதைவிட இளையது என்பதை மட்டும் அதிலிருந்து அறியலாம். சாம்பலிலும் பழைய மணிகள் கலந்திருக்கக்கூடும். அதனால்தான் பல மணிகளை அளக்கிறார்கள், பாறைகள் ஒன்றையொன்று வெட்டும் முறையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பன்னாவுக்கு அருகே மஜ்காவான் வைரச் சுரங்கத்தின் கிம்பர்லைட் என்னும் எரிபாறை விந்தியத்தின் கைமூர் மணற்கல்லைத் துளைத்து மேலேறியிருக்கிறது. அதன் வயது சுமார் 107 கோடி. துளைபட்ட மணற்கல் அதைவிட மூத்ததாக இருந்தே ஆக வேண்டும். கடப்பாப் படுகையிலோ, கீழ் அடுக்குகளுக்குள் புகுந்த புலிவெந்துலா எரிபாறை சுமார் 188 கோடி ஆண்டு பழையது. அதாவது, செம்ரியின் சாம்பல் விழுவதற்கு 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கடல் படிவுகள் இறுகிவிட்டன. ஒரே படுகைக்குள் அடுக்கைப் பின்தொடர்ந்து நடக்கத் தோற்றமே இன்றும் முதல் துணை; பாறைத் தொகுதிக்குப் பெயரிடுவதும் தோற்றத்தை வைத்துத்தான். படுகை விட்டுப் படுகை தாண்டும்போது, சாம்பலோ வெட்டும் எரிபாறையோ கிடைக்கும் வரை வரைபடத்தில் இரண்டையும் இணைக்கும் கோட்டைப் புள்ளிக்கோடாகவே போட வேண்டும்.